சுற்றுச்சுவரும் ஒரு டிபன் டப்பாவும்

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் எதுவும் கிடையாது. காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, இரவு ஒரு டம்ளர் கேப்பைக் கூழ் இருந்தால் போதும். நீங்கள் வாங்கிக்கொடுத்த பொட்டலமும் நன்றாகத்தான் இருந்தது, சாம்பாரில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகள் டயானா உங்களிடம் எழுதிக்கொடுத்திருக்கும் புகாரில் பாதிக்கு மேல் ஒரு டிபன் டப்பாவைப் பற்றித்தான் இருக்கிறது. படிக்கிறவர்கள் ஏதோ சாப்பாட்டுக்காக அடித்துக்கொள்ளும் குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

என் பெயர் இருதயமேரி. வயது ஐம்பத்து மூன்று. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எங்கள் நடுநிலைப்பள்ளியில் பன்னிரண்டு வருடமாகத் தலைமையாசிரியை. கணவர் விழுப்புரம் ரயில்வேயில் இருந்தார். டயானா மூன்றாவது படிக்கும்போது காலமாகிவிட்டார். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள். முப்பது வருடம் பாடம் நடத்திய வாய் இது. நடுவில் குறுக்கிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

முதலில் வெனிலா. அவளை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இரண்டாயிரத்து எட்டு நவம்பரில் அவள் மூன்றாம் வகுப்பு. அப்போது பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தாழ்வாரம், அதையொட்டி முப்பதடிக்கு வெற்று மண், அடுத்தது லாரி போகும் சாலை. பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டு முடித்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அடிபம்புக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அன்றைக்கு வெனிலாவும் ஓடினாள். மணல் லாரி வந்தது. நான் தாழ்வாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய தட்டு சாலையில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓய்ந்ததைப் பார்த்தேன். தட்டில் ஒரு நசுங்கல்கூட இல்லை. கணவர் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அந்த அழுகை பொய்யில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, இனி எந்தப் பிள்ளையும் தட்டுக் கழுவ வெளியே போகக் கூடாது. சத்துணவு ஆயா பாஞ்சாலியே எல்லாத் தட்டுகளையும் சமையலறைக்குப் பின்னால் தொட்டியில் போட்டு விளக்கித் தர வேண்டும். இரண்டாவது, சாலைப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு சுவர். முதல் முடிவுக்கு என் வாய்ச்சொல் போதும். இரண்டாவதற்கு யாரிடமும் பணம் இல்லை. மனு எழுதினேன். தாளாளரான பங்குச்சாமியாரிடம் போய் நின்றேன். எல்லோரும் வெனிலாவுக்காக வருத்தப்பட்டார்கள். செங்கல் தர ஒருவரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்தது. புதுசு வந்ததும் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பரணுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போய்விட்டன. ஒரு வீட்டில் டிவிப் பெட்டிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. காலை வணக்கத்தின்போது பிள்ளைகளிடம் சொன்னேன். வீட்டில் செத்துக் கிடக்கும் டிவி, ரேடியோ, டேப், செல்போன் எதுவானாலும் கொண்டுவாருங்கள், நாம் எல்லாரும் சேர்ந்து சுவர் கட்டுவோம் என்றேன். இரண்டாயிரத்து ஒன்பது ஜூலையில் ஆரம்பித்தோம். பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து ஒருவர் மாட்டுவண்டியில் நான்கு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்த மிக்சியைத் தூக்கி வந்துவிட்டான். மதியமே அவன் அம்மா சட்னி அரைக்க முடியாமல் மூச்சிரைக்க ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

பழசை எடுக்க விழுப்புரத்தில் காயலாங்கடை வைத்திருக்கும் கொளஞ்சியைப் பிடித்தேன். நேர்மையான ஆள். பெட்டிகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொட்டியாக் குடுத்தீங்கன்னா ஒண்ணும் தேறாது டீச்சர். ஒயரை எரிச்சி செம்பைத் தனியா எடுங்க. போர்டை சூடு காட்டி பத்தவெச்ச ஈயத்தை உருக்கிட்டு பார்ட்சைத் தனியாக் குடுங்க. நல்ல ரேட்டா போட்டுத் தர்றேன்."

கைத்தொழில் வகுப்பில் பெரிய பிள்ளைகள் பெட்டிகளைக் கழற்றி ஒயரை வெட்டினார்கள். சனிக்கிழமை காலையில் காவலாளி சமையலறைக்குப் பின்னால் ஒரு பழைய தார் டிரம்மில் போட்டு எரிப்பார். கரும்புகை தெற்கே போய்விடும். சாயங்காலம் டிரம்மைக் கவிழ்த்தால் செம்பு சிவப்பாக, கோழிக்குடல் மாதிரி சுருண்டு கிடக்கும். செம்பு கொளஞ்சிக்குப் போயிற்று. சாம்பல் எங்களிடம் தங்கியது.

அந்த டிசம்பரில் சத்துணவுக் கூடத்துக்கு கேஸ் அடுப்பு வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், பாஞ்சாலியைத் தவிர. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்குது டீச்சரம்மா. வெறகு இல்லன்னா சாம்பலுக்கு நான் எங்க போவேன்? வெறும் தேங்காநாரப் போட்டுத் தேச்சா பிசுக்கு போவ மாட்டேங்குது. பேஜாரா இருக்குது."

"அதான் டிரம் நெறைய இருக்குதே பாஞ்சாலி. வீணாத்தான போவுது. சலிச்சி எடுத்துக்கோ" என்று நான்தான் சொன்னேன். நல்லெண்ணத்தோடு சொன்னேன். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. டிசம்பரும் ஜனவரியும் என் மேல் வர வேண்டாம். அது நியாயமில்லை. அந்தச் சாம்பலில் தட்டுகள் கண்ணாடியாகப் பளபளத்தன.

பாஞ்சாலியின் மகள் பரிமளாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவளும் டயானாவும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். பிறகு என்னைப் பார்த்து, தலைகீழாகச் சொல்லட்டுமா டீச்சர் என்பாள். சொல்லியும் காட்டுவாள். "எம்பொண்ணு உங்கள மாதிரி டீச்சராயி நாற்காலில உக்காரணும், அத்த பாத்துட்டா எனக்குப் போதும்" என்று பாஞ்சாலி அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும். டயானாவைவிடக் கெட்டிக்காரி என்று டயானாவிடமே சொல்லியிருக்கிறேன்.

தலைமையாசிரியை மகள் ஊர்ப் பள்ளியில் படிப்பதே அதிசயம். டயானா மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சத்துணவே சாப்பிட்டாள். அது என் கொள்கை. பொங்கல் விழாவில் பங்குச்சாமியார் மைக்கில் அதைச் சொன்னார். தன் பிள்ளை, ஊரார் பிள்ளை என்று பிரித்துப் பார்க்காதவர் நம் டீச்சர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வெனிலாவின் அம்மாவும் தட்டினாள். அப்போது அஸ்திவாரம் முடிந்து, சாலைப் பக்கம் சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது.

பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், கொளஞ்சி செம்பு எடுக்க வந்தார். டிரம்மையும் அதன் பக்கத்திலிருந்த சல்லடையையும் பார்த்தார். பாஞ்சாலி அந்தப் பக்கம் இல்லை.

"அந்தச் சாம்பலை எங்க கொட்றீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, நாங்க முன்ன கெடார் பக்கம் ஒரு எடத்துல எரிச்சிக்கினு இருந்தோம். பக்கத்து நெலத்துக்காரர் மாடு ரெண்டு அந்தச் சாம்பலை நக்கிடுச்சிங்க. பத்து நாள்ல கண்ணு தெரியாம செவுத்துல தலைய முட்டிக்கினே நின்னுதுங்க. அப்புறம் இழுத்துக்கினு செத்துது. மாட்டு டாக்டர் காரீயம்னு சொன்னார். ரசம் வெக்கிற ஈயம்னு நெனச்சிக்காதீங்க டீச்சர், இது வேற. பசங்கள அண்ட விடாதீங்க. குழி வெட்டிப் பொதைச்சிடுங்க."

சரி என்று சொன்னேன். அவர் போனதும் என் அறையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். நான் எதையும் பதறிச் செய்கிறவள் இல்லை.

நீங்கள் கேட்டீர்கள், சாம்பல் வேண்டாம், சோப்புத்தூள் போடு என்று பாஞ்சாலியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று. எட்டு வருடமாக நானும் அதைத்தான் யோசித்திருக்கிறேன். பாஞ்சாலி ஏன் என்று கேட்கிறவள். அவள் தெருவில் காலையில் கேட்ட கேள்வி மதியத்துக்குள் சந்தைக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால், இரண்டரை மாதமாக நூற்று அறுபது பிள்ளைகள் எதில் தேய்த்த தட்டில் சாப்பிட்டார்கள் என்பது வரும். பிறகு டிரம்மை மூடுவார்கள். டிரம்மை மூடினால் சுவர் இடுப்பளவில் நின்றுவிடும். இடுப்பளவுச் சுவரைப் பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள். அது சுவர் இல்லாததைவிட ஆபத்து. எனக்கு வெனிலாவின் தட்டு கண்முன்னால் சுற்றியது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு திறப்புவிழா என்று முடிவாகியிருந்தது. தவக்காலம் நாற்பது நாள். நாற்பது நாள்தானே என்று நினைத்தேன். மாடு நக்கியது கிலோக்கணக்கில் இருக்கும், தட்டில் ஒட்டுவது எவ்வளவு இருந்துவிடப்போகிறது என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலைப் பூசையில் நானும் டயானாவும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எலுமிச்சைச் சாதம் கிளறி டயானாவுக்கு டப்பாவில் கட்டினேன். அவளுக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு சரியில்லை என்று ஆசிரியர்களிடம் சொன்னேன். அவளிடமும் அதையே சொன்னேன்.

ஒரு வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. டயானா டப்பாவில் பாதியைப் பரிமளாவுக்குக் கொடுத்துவிட்டு, பரிமளாவின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அப்படித்தானே. நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கு டயானாவை அடித்தேன். அவள் பிறந்ததிலிருந்து அந்த ஒரு முறைதான் அடித்திருக்கிறேன். மறுநாளிலிருந்து அவள் என் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பரிமளா கொஞ்ச நாள் ஜன்னல் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச்சில் அந்தப் பெண் வெளுத்துப்போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு படுத்தாள். யாராவது பேசினால் எரிந்து விழுந்தாள். வாய்ப்பாட்டில் பதினாறு ஏழு என்று கேட்டால் கூரையைப் பார்த்தாள். "பூச்சியா இருக்குமா டீச்சரம்மா?" என்று பாஞ்சாலி கேட்டாள். பூச்சியாகத்தான் இருக்கும் என்று நானே என் மேசையிலிருந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

மார்ச் கடைசியில், குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை அவளுக்கு வகுப்பில் வலிப்பு வந்தது. நானே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு திண்டிவனம் போனேன். அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். இரத்தத்தில் காரீயம் என்று நான்காம் நாள் கண்டுபிடித்தார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். மூளையில் போனது திரும்பாது என்று டாக்டர் பாஞ்சாலியிடம் சொன்னபோது நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அதிகாரிகள் வந்தார்கள், டிரம்மைப் பார்த்தார்கள். சாம்பலைத் தட்டு விளக்கப் பயன்படுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்கள். பாஞ்சாலி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், அவள் என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, பாவம், படிக்காதவள் என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் ஒன்று சொன்ன பிறகு அதை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "ஆமாங்க, நான்தான் எடுத்தேன்" என்றாள். பத்தாம் நாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வேலைநீக்க உத்தரவு வந்தது. அதற்குள் சுவர் வேலை முடிந்திருந்தது. டிரம்மை எடுத்துப்போட்டுவிட்டார்கள். பிறகு கோடை விடுமுறை வந்தது. மற்ற பிள்ளைகளை யாரும் பரிசோதிக்கவில்லை. சிலர் பத்தாம் வகுப்பில் தோற்றார்கள். எல்லா வருடமும் சிலர் தோற்பார்கள்.

சுவர் இப்போதும் நிற்கிறது. போகும்போது பாருங்கள், ஒரு விரிசல் கிடையாது. கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது, நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சுவரின் நிழலில் பாஞ்சாலி மல்லாட்டை அவித்து விற்கிறாள். பரிமளா பக்கத்தில் உட்கார்ந்து தோலை உரித்துக் கடலைப் பயறை எண்ணிக்கொண்டிருப்பாள். பத்து வரைக்கும் எண்ணுவாள், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். என்னைப் பார்த்தால் பாஞ்சாலி எழுந்து நிற்பாள். டயானா ஊருக்கு வந்தால் ஒரு பொட்டலம் சும்மாவே கட்டிக் கொடுப்பாள்.

டயானா புதுச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருடம். இந்த ஈஸ்டர் லீவுக்கு வரும்போது முகம் சரியில்லை. காரீயம் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நேராக விழுப்புரம் போய்க் கொளஞ்சியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவர் நேர்மையான ஆள் என்று முன்பே சொன்னேன். நான் மீன் குழம்பு வைத்திருந்தேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"நெத்தியில சாம்பலோட நான் எலுமிச்ச சாதம் சாப்ட்டேன்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அதுக்கு மொத நாளுதான் கொளஞ்சி அண்ணன் உன்கிட்ட சொல்லியிருக்காரு. பருப்பு எனக்கு எப்பம்மா ஒத்துக்காமப் போச்சி?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பாஞ்சாலி வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

ஆகவே இதை நான் சுயநினைவோடு சொல்கிறேன். பிப்ரவரி மாதம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பிள்ளைகளைச் சாப்பிடவிட்டேன். டயானாவின் புகாரில் இருப்பது எல்லாம் உண்மை.

புகாரில் இல்லாத ஒன்று உண்டு. நேற்று நீங்கள் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் புரட்டிவிட்டு, நூற்று அறுபது பேரில் பரிமளாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஏறியது, தட்டில் ஒட்டியது மட்டும் இதற்குக் காணாதே என்று கேட்டீர்கள். அது டயானாவுக்குத் தெரியாது. பாஞ்சாலிக்குத் தெரியும், ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம், பாஞ்சாலி ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பல்பொடி வாங்குவதில்லையாம், அம்மாவும் பெண்ணும் எப்போதும் அடுப்புச் சாம்பலில்தான் பல் விளக்குவார்களாம். "இந்தச் சாம்பல் நைசா இருக்குது டீச்சரம்மா. வூட்டுக்கு ஒரு டப்பா எடுத்துக்கட்டுமா? பரிமளா பல்லு பளிச்சின்னு ஆவும்" என்று கேட்டாள். கேட்காமல் ஒரு துரும்பை எடுக்கிறவள் இல்லை அவள். டயானா அப்போது என் எதிரில் உட்கார்ந்து தன் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்திருக்காது.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். எடுத்துக்கோ பாஞ்சாலி என்று சொன்னேன். தீர்ந்தவுடன் மறுபடியும் வந்து கேட்டாள். அப்போதும் எடுத்துக்கோ என்றேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கீழே இடம் இருக்கிறதே, அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்வார்கள், ஆனால் என் பள்ளியில் நான் எந்தப் பிள்ளையையும் பிரித்துப் பார்த்தது கிடையாது.